தடித்த எழுத்தில் ஓர் எண்

காலையில் வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தவருக்கு மாலைக்குள் கைப்பேசியில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. சில ஆய்வகங்கள் இரண்டு பக்கத்தில் முடித்துக்கொள்ளும், சில பதினாறு பக்கம் அனுப்பும். முழுதாகப் படிப்பவர் அநேகமாக யாருமில்லை. கண் நேராகத் தடித்த எழுத்தில் அச்சான எண்களைத் தேடிப் போகும். பக்கத்தில் ஓர் அம்புக்குறி மேல்நோக்கி நின்றால் போதும், வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும். நேற்றுவரை மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டு, பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கியவர் இன்று மாலை நோயாளி.

உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, ஆனால் தாள் வேறு சொல்கிறது. பத்து நாள் கழித்து வேறு ஆய்வகத்தில் எடுத்தால் எண்ணும் வேறாக வருகிறது. எதை நம்புவது? அந்தத் தடித்த எழுத்து உண்மையில் எதைக் குறிக்கிறது?

ஒருவருடைய தாள்

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் அவருடைய எண்கள் நம் ஊர் ஆய்வகங்களில் தினமும் அச்சாகிறவை. வயது 46. புகைப் பழக்கம் இல்லை, சர்க்கரை இல்லை. பிரஷர் கொஞ்சம் மேலே, மாத்திரை இன்னும் ஆரம்பிக்கவில்லை. தொப்பை உண்டு. மனைவியின் தம்பிக்கு 43 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் நச்சரிப்பு தாங்காமல் இவர் போய் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' செய்துகொண்டார். லிப்பிட் புரொஃபைல் என்ற தலைப்பின் கீழ் வந்தது இது:

மொத்த கொலஸ்ட்ரால் 224
ட்ரைகிளிசரைடு 210
எச்.டி.எல். 38
எல்.டி.எல். 144
வி.எல்.டி.எல். 42
எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் 186
மொத்தம் / எச்.டி.எல். விகிதம் 5.9
எல்.டி.எல். / எச்.டி.எல். விகிதம் 3.8

எட்டு வரியும் தடித்த எழுத்து. விகிதங்களைத் தவிர மற்றவை 100 மில்லி சீரத்தில், அதாவது இரத்தத்தின் அணுக்களை நீக்கிய தெளிந்த நீரில், எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. (சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் மகன் தன் கொலஸ்ட்ரால் 5.8 என்று சொன்னால் பொறாமைப்பட வேண்டாம். அங்கே அலகு வேறு. 38.7-ஆல் பெருக்கிப் பார்த்தால் அவரும் 224-தான்.)

எட்டு இடத்தில் அம்புக்குறி என்றால் எட்டு விஷயம் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் தோன்றும். அங்கேதான் முதல் சிக்கல்.

எட்டு வரி, மூன்று அளவு

பெரும்பாலான ஆய்வகங்களில் இந்த எட்டில் உண்மையாக அளக்கப்படுபவை மூன்றுதான்: மொத்த கொலஸ்ட்ரால், எச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு. சீரத்தோடு சில நொதிகளைச் சேர்த்தால் கொலஸ்ட்ராலின் அளவுக்கேற்ப நிறம் உண்டாகும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்று கருவி ஒளியைச் செலுத்திப் பார்க்கும். மற்ற இரண்டையும் இதேபோல் அளப்பார்கள். மீதி ஐந்து வரிகளும் இந்த மூன்றிலிருந்து கணினி போடும் கழித்தலும் வகுத்தலும்.

இந்த ஆண்டிலோ போன ஆண்டிலோ வந்த வழக்கமல்ல இது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை செய்த வில்லியம் ஃப்ரீட்வால்டும் அவருடைய சகாக்களும் 1972-இல் வெளியிட்ட குறுக்குவழி. அதற்கு முன்னால் எல்.டி.எல்-ஐத் தனியாக அறிய, இரத்தத்தை அதிவேகச் சுழற்சிக் கருவியில் மணிக்கணக்கில் சுற்ற வேண்டும். எல்லா ஊருக்கும் அது ஆகிற காரியமா? ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கை வி.எல்.டி.எல். என்று வைத்துக்கொள், மொத்தத்தில் அதையும் எச்.டி.எல்-ஐயும் கழி, மிச்சம் எல்.டி.எல். என்றார்கள் அவர்கள். நம் ஈரோட்டுக்காரருக்குப் போட்டுப் பாருங்கள்: 210-இல் ஐந்தில் ஒன்று 42. 224-இலிருந்து 38-ஐயும் 42-ஐயும் கழித்தால் 144. தாளில் இருப்பது அதேதான்.

கல்யாணத்தில் மொத்தம் எத்தனை இலை விழுந்தது என்று சமையல்காரருக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் தலைகளை எண்ணியாயிற்று. சமையல் ஆட்கள், பந்தல்காரர்கள் குத்துமதிப்பாக இத்தனை பேர். மீதியெல்லாம் பெண் வீட்டார் என்று கணக்கு முடிப்பது போன்றது இது. கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் மேலே எங்கே பிழை நடந்தாலும் அது கடைசி வரியில், பெண் வீட்டார் தலையில்தான் போய் விழும். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் 'ஐந்தில் ஒரு பங்கு' என்ற அனுமானமே உடைந்துவிடுகிறது. அப்போது எல்.டி.எல்-ஐ நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். சில ஆய்வகங்கள் எல்லோருக்குமே நேரடியாகத்தான் அளக்கின்றன. அப்படியானால் தாளில் 'டைரக்ட்' என்று ஒரு சொல் சேர்ந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, எட்டு அம்புக்குறிகள் எட்டு சாட்சிகள் அல்ல. மூன்று சாட்சிகள் சொன்னதையே எட்டு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். விகிதங்களைப் பார்த்துத் தனியாகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

எண்ணெய்க்குத் தண்ணீரில் என்ன வேலை

இந்த எல்.டி.எல்., எச்.டி.எல். எல்லாம் என்ன? கொலஸ்ட்ரால் ஒன்றுதான், அதில் வகைகள் இல்லை. உடம்பின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அது இருக்கிறது. பித்த நீரும் பல ஹார்மோன்களும் அதிலிருந்துதான் உண்டாகின்றன. ஆனால் அது கொழுப்புச் சாதி, இரத்தமோ தண்ணீர். இரண்டும் கலக்காது. அதனால் கல்லீரலும் குடலும் கொலஸ்ட்ராலையும் ட்ரைகிளிசரைடையும் புரத உறை போட்டுச் சிறு உருண்டைகளாகக் கட்டி இரத்தத்தில் விடுகின்றன. பாடநூல்கள் இவற்றைக் கொழுப்புப்புரதம் என்று சொல்லும். நாம் பொதி என்று வைத்துக்கொள்வோம். வெவ்வேறு அடர்த்தியில் வெவ்வேறு பொதிகள். அமெரிக்காவின் பெர்க்லியில் ஜான் காஃப்மன் 1950 வாக்கில் சுழற்சிக் கருவியில் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். எல்.டி.எல். அடர்த்தி குறைந்தது, எச்.டி.எல். அடர்த்தி கூடியது, வி.எல்.டி.எல். மிகவும் குறைந்தது, கல்லீரலிலிருந்து ட்ரைகிளிசரைடைச் சுமந்து வருவது.

எல்.டி.எல். பொதிகள் இரத்தக்குழாயின் உள்சுவருக்குள் நுழைந்து தங்கிவிடக்கூடியவை. எவ்வளவு அதிகப் பொதிகள், எவ்வளவு அதிக ஆண்டுகள் சுற்றுகின்றனவோ அவ்வளவு படிவு. படிவு ஒருநாள் வெடித்து அதன்மேல் இரத்தம் உறைந்தால் மாரடைப்பு. படிவு வளரும் இருபது முப்பது வருடமும் வலிக்காது. 'எனக்கு ஒன்றும் செய்யவில்லையே' என்பது இதனால்தான் இந்த விஷயத்தில் ஒரு வாதமே ஆகாது.

சுற்றும் பொதிகளைக் கல்லீரல் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதற்கென்று கல்லீரல் செல்களின் மேல் பிடிமானங்கள் உண்டு. டெக்சாஸ் மாநிலம் டாலஸில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் ஏற்பி எனப்படும் இந்தப் பிடிமானத்தைக் கண்டுபிடித்ததற்காக 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒருவருக்கு ஏற்பிகள் அதிகம், இன்னொருவருக்குக் குறைவு. ஒல்லியான ஆளுக்குக் கொலஸ்ட்ரால் எகிறுவதும், நூறு கிலோ எடையுள்ளவருக்குச் சாதாரணமாக இருப்பதும் பெரும்பாலும் இந்தப் பரம்பரை வேறுபாட்டால்தான். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ஏற்பிகள் குறையும், எல்.டி.எல். ஏறும். அதனால் புதிதாக எல்.டி.எல். உயர்ந்திருக்கிறது என்றால் நல்ல மருத்துவர் முதலில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனையைப் பார்க்கச் சொல்வார்.

இரண்டாவது ஆய்வகம்

நம்மவர் கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை ஆரம்பிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த கஷாயத்தை ஆரம்பித்தார்: இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சைடர் வினிகர், கொதிக்க வைத்து ஆறிய பின் தேன். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் வேறொரு ஆய்வகத்தில் எடுத்தார். மொத்த கொலஸ்ட்ரால் 211. 'பதிமூன்று பாயின்ட் இறங்கிவிட்டது' என்று குடும்பக் குழுவில் போட்டார். கட்டைவிரல்கள் குவிந்தன.

கஷாயத்தைப் பழிக்கவில்லை. ஆனால் எண்களை உட்கார்ந்து பார்ப்போம்.

ஒரே ஆள், எந்த மருந்தும் உணவு மாற்றமும் இல்லாமல், பல நாட்கள் இரத்தம் கொடுத்தாலும் மொத்த கொலஸ்ட்ரால் அவருடைய சராசரியைச் சுற்றி ஏறத்தாழ 6 சதவீதம் மேலும் கீழும் ஆடும். இதை இயல்பான ஊசலாட்டம் என்போம். 224-இல் 6 சதவீதம் எவ்வளவு? பதிமூன்றரை. அவர் கொண்டாடிய இறக்கம் முழுவதும் ஒரு சாதாரண ஊசலுக்குள் அடங்கிவிடுகிறது. ட்ரைகிளிசரைடு இன்னும் மோசம், 20 சதவீதம்வரை சும்மாவே ஆடும். இதோடு இரண்டு ஆய்வகங்களின் கருவிகளுக்கு இடையிலுள்ள சிறு வேறுபாடும் சேரும். வந்ததும் நின்றபடியே கை நீட்டினாரா, இருபது நிமிடம் படுத்திருந்த பிறகு எடுத்தார்களா என்பதுகூட எண்ணை மாற்றும். படுத்தால் நீர் இரத்தக்குழாய்க்குள் திரும்பி வந்து எல்லாம் சற்று நீர்த்துவிடும். மொத்த கொலஸ்ட்ரால் 10 சதவீதம்வரை குறைவாகத் தெரியலாம்.

இரண்டாவது தாளின் மற்ற வரிகளையும் பாருங்கள். ட்ரைகிளிசரைடு 165, எச்.டி.எல். 40. ஐந்தில் ஒரு பங்கு 33. கழித்தால் எல்.டி.எல். 138. அதாவது மொத்தம் 13 இறங்கியபோது எல்.டி.எல். இறங்கியது 6 மட்டும். வி.எல்.டி.எல். 9 இறங்கியிருக்கிறது, எச்.டி.எல். 2 ஏறியிருக்கிறது. இறக்கத்தின் பெரும்பங்கு ட்ரைகிளிசரைடு வழியாக வந்தது. முதல் பரிசோதனைக்கு முந்தைய நாள் இரவு அவர் நண்பர் வீட்டு விசேஷத்தில் பிரியாணியும் இரண்டு பெக்கும் முடித்துவிட்டு வந்திருந்தார். மதுவும் விருந்தும் ட்ரைகிளிசரைடை அடுத்த நாளும் தூக்கிப் பிடிக்கும்.

இன்னொரு மறைவான காரணமும் உண்டு. மனிதர்கள் மறுபரிசோதனைக்கு எப்போது போகிறார்கள்? எண் கூடுதலாக வந்தபோதுதான். ஊசல் மேலே போன நாளில் மாட்டியவருக்கு அடுத்த முறை கீழே வருவதற்கே வாய்ப்பு அதிகம். பிரான்சிஸ் கால்டன் 1880-களில் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை ஒப்பிடும்போது கண்ட அதே விஷயம்: சராசரிக்குத் திரும்பல். இடைப்பட்ட இரண்டு வாரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குப் பேர் கிடைத்துவிடும். இந்த நாட்டில் எத்தனையோ லேகியங்களும் சூரணங்களும் இந்த ஒரு வித்தையை வைத்தே பிழைக்கின்றன என்பது என் சந்தேகம்.

இதனால் வரும் நடைமுறை சுலபம். முடிவெடுப்பதற்கு முன் இரண்டு முறை, சில வார இடைவெளியில், ஒரே ஆய்வகத்தில் எடுக்க வேண்டும். காய்ச்சலோ பெரிய நோயோ வந்து தேறும் நேரத்தில் எடுக்கக் கூடாது, அப்போது எல்.டி.எல். பொய்யாகக் குறைந்து தெரியும். வெறும் வயிறு? 2016-இல் ஐரோப்பிய நிபுணர் குழுவும் 2024-இல் இந்திய இதயவியல் சங்கமும் வழக்கமான பரிசோதனைக்கு அது கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டன. ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால் மட்டும் பட்டினியோடு மறுபடி பார்க்க வேண்டும். பல ஆய்வகங்களில் இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

தடித்த எழுத்தை யார் தீர்மானிக்கிறார்கள்

ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் ஒப்பீட்டு எல்லை என்று ஒரு பத்தி இருக்கும். எல்லா வரிகளுக்கும் அது ஒரே மாதிரி அச்சானாலும், அங்கே இரண்டு வேறு வேறு முறைகள் கலந்து கிடக்கின்றன.

முதல் முறை பெரும்பாலான பரிசோதனைகளுக்கு உரியது. உதாரணமாக சோடியம், கால்சியம். நல்ல ஆரோக்கியமானவர்கள் பலரை அழைத்து அளந்து, அவர்களில் நடுவிலுள்ள 95 சதவீதம் பேரின் எண்கள் விழும் இடைவெளியை 'இயல்பு' என்று வைக்கிறார்கள். மேலே இரண்டரை, கீழே இரண்டரை சதவீதம் பேர் வெளியே. அவர்களும் ஆரோக்கியமானவர்கள்தான்! நூறு பேரில் ஐந்து பேருக்குத் தடித்த எழுத்து வந்தே தீரும், முறையே அப்படி.

கொலஸ்ட்ராலுக்கு இந்த முறையை வைக்க முடியாது. ஊரில் பாதிப்பேருக்கு அதிகமாக இருந்தால், அந்த அதிகமே இயல்பு என்று ஆகிவிடும். அதனால் இங்கே கேள்வியை மாற்றினார்கள்: எந்த அளவிலிருந்து பிற்காலத்தில் மாரடைப்பு கூடுகிறது? இதற்கு விடை தேடித்தான் பாஸ்டனுக்கு மேற்கேயுள்ள ஃப்ரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 1948-இல் தொடங்கி 5,209 பேரைப் பதிவு செய்து, பல்லாண்டு காலம் பின்தொடர்ந்தார்கள். புகை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றும் இதயநோய்க்கு இடர்க் காரணிகள் என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வது அந்த ஊர்க்காரர்களின் பொறுமையால் கிடைத்த அறிவு. அங்கே ஒரு விஷயம் தெரிந்தது. இந்த எண்ணுக்குக் கீழே பத்திரம், மேலே ஆபத்து என்று கோடு எதுவும் இல்லை. எண் கூடக் கூட இடரும் சீராகக் கூடுகிறது. 200 என்பதும் 100 என்பதும் வசதிக்காக மனிதர்கள் கிழித்த கோடுகள். 198 வந்தவர் நிம்மதியாக உறங்குவதற்கும் 203 வந்தவர் புரள்வதற்கும் உடலியலில் ஓர் ஆதாரமும் கிடையாது.

144 யாருடையது

எனவே நம்மவரின் எல்.டி.எல். 144 அதிகமா என்று கேட்டால், மருத்துவர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி: யாருக்கு? இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டி, இடர் குறைந்தவர்களுக்கு 100-க்குக் கீழும், சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றால் இடர் கூடியவர்களுக்கு 70-க்குக் கீழும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் போன்ற மிக அதிக இடர் உள்ளவர்களுக்கு 55-க்குக் கீழும் இலக்கு வைக்கிறது. ஆய்வகக் கணினிக்கு உங்கள் ஆளைத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே கோடுதான் போடும். ஸ்டென்ட் வைத்த மைத்துனருக்கு எல்.டி.எல். 95 வந்தால் தாளில் தடித்த எழுத்தே இருக்காது. வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அவருடைய மருத்துவருக்கு அது போதாத எண்.

கொலஸ்ட்ரால் மாத்திரை எவ்வளவு உதவும்? கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: நம்மவரைப் போன்ற நூறு பேரில் அடுத்த பத்து ஆண்டில் 10 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும். ஸ்டாட்டின் மாத்திரை மிதமான அளவில் எல்.டி.எல்-ஐ ஏறக்குறைய 40 குறைக்கும். 1,70,000 பேரை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்து ஆக்ஸ்ஃபோர்டு குழு 2010-இல் வெளியிட்ட முடிவுப்படி, அந்த அளவு குறைப்புக்கு இடரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நூறு பேரும் மாத்திரை சாப்பிட்டால் 10 பேர் 8 ஆவார்கள். இரண்டு பேர் தப்பித்தார்கள். தொண்ணூறு பேருக்கு எப்படியும் வந்திருக்காது, எட்டு பேருக்கு மாத்திரை சாப்பிட்டும் வந்தது. அந்த இரண்டு பேர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே மாத்திரையை மைத்துனரைப் போன்ற நூறு பேருக்குக் கொடுங்கள். அவர்களுக்குப் பத்தாண்டு இடர் 30 என்று வைத்தால் 24 ஆகும், ஆறு பேர் தப்பிப்பார்கள். விகிதம் அதேதான், பலன் மும்மடங்கு. 1994-இல் வெளியான, ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஏற்கெனவே இதயநோய் உள்ள 4,444 பேரிடம் செய்த ஆய்வில் ஐந்தாண்டுக்குச் சற்று மேல் ஆனபோது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 12 சதவீதம் பேரும், ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 8 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். இதயநோய் வந்தவர் 'எண் நார்மலாகிவிட்டது' என்று மாத்திரையை நிறுத்துவது எவ்வளவு விபரீதம் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. எண் குறைந்திருப்பதே மாத்திரையால்தான்.

நம்மவர் விஷயத்தில் அவசரம் இல்லை. பிரஷரை முறையாக அளந்து அது நிஜமா என்று பார்ப்பது, எடையும் மதுவும் குறைந்தால் ட்ரைகிளிசரைடு எங்கே போய் நிற்கிறது என்று மூன்று மாதம் பார்ப்பது, பிறகு மருத்துவரோடு உட்கார்ந்து பேசுவது. தெற்காசியர்களுக்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு நம் பகுதி மக்களுக்குச் சராசரியாக 53 வயதில் வந்தது, மற்ற பகுதிகளில் 59-ஐ ஒட்டி. 46 என்பது நமக்கு அவ்வளவு இளமை இல்லை.

எச்.டி.எல். 38 பற்றி ஒரு வார்த்தை. எச்.டி.எல். குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது உண்மை. அதனால் அதை ஏற்றினால் காப்பாற்றலாம் என்று மருந்து நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கொட்டின. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்-ஐ அற்புதமாக ஏற்றியது. ஆனால் சாப்பிட்டவர்களிடையே மரணம் கூடியதால் 2006 டிசம்பரில் 15,000 பேர் பங்கேற்ற ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். எச்.டி.எல். குறைவு என்பது தொப்பை, சர்க்கரை, அசையாமல் உட்கார்ந்திருப்பது போன்றவற்றின் அடையாளம். அடையாளத்தை மட்டும் திருத்தினால் ஆள் திருந்தமாட்டார்.

முட்டையும் எண்ணெய் டின்னும்

வீட்டில் முதலில் தடை செய்யப்படுவது முட்டை. ஒரு மஞ்சள் கருவில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு. உடம்பு தானே ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிராம் தயாரித்துக்கொள்கிறது, உணவில் கூடினால் தயாரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். எல்.டி.எல்-ஐ அதிகம் ஏற்றுவது நாம் சாப்பிடும் கொலஸ்ட்ரால் அல்ல, உறைகொழுப்பு, அதாவது நிறைவுற்ற கொழுப்பு. அது கல்லீரலின் ஏற்பிகளைக் குறைத்துவிடுகிறது. ஆகவே கடையில் எண்ணெய் டின்மேல் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதமும் ரேஷன் கடைப் பாமாயிலில் ஏறத்தாழ பாதியும் உறைகொழுப்பு. தினம் ஒரு முட்டையை விட, அதே எண்ணெயில் பொரித்த பூரியும் பஜ்ஜியும் தாளில் அதிகம் தெரியும்.

எண்பது பரிசோதனை

இப்போது பதினாறு பக்க ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 பரிசோதனைகளை முழு ஆரோக்கியமான ஒருவரிடம் செய்தால், குறைந்தது ஒன்றாவது தடித்த எழுத்தில் வர எவ்வளவு வாய்ப்பு? ஒவ்வொன்றிலும் தப்பிக்க 95 சதவீதம். இருபதிலும் தப்பிக்க 36 சதவீதம்தான். அதாவது மூன்றில் இரண்டு ஆரோக்கியசாலிகள் ஏதோ ஒரு அம்புக்குறியோடு வீட்டுக்குப் போவார்கள். '999 ரூபாய்க்கு 80 பரிசோதனை' என்று விளம்பரம் வரும்போது அந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அம்புக்குறி அடுத்த ஸ்கேனுக்கும், ஸ்கேன் அடுத்த நிபுணருக்கும் அனுப்பும். சில தொகுப்புகளில் சி.ஈ.ஏ., சி.ஏ. 19-9 என்று புற்றுநோய்க் குறியீடுகளையும் இலவச இணைப்பாகச் சேர்க்கிறார்கள். அறிகுறி ஏதும் இல்லாதவரிடம் புற்றுநோயைத் தேட அவை உதவாது.

தேடினால் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்பதற்குத் தென்கொரியா உதாரணம். அங்கே உடல் பரிசோதனையோடு கழுத்துக்கு அல்ட்ராசவுண்டும் பரவலானது. 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. அதனால் இறந்தவர் விகிதமோ மாறவே இல்லை. உயிருக்குத் தீங்கில்லாத கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை இழந்து வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று.

பொதுவான முழு உடல் பரிசோதனை ஆயுளைக் கூட்டுகிறதா? இரண்டரை லட்சம் பேர் பங்கேற்ற 15 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2019 அறிக்கை, மரணத்தைக் குறைப்பதில் அதற்குப் பலனில்லை என்றது. இதைப் படித்துவிட்டு எல்லாப் பரிசோதனையையும் தூக்கி எறிபவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அங்கே ஆட்கள் வேறு காரணத்துக்காகக் குடும்ப மருத்துவரிடம் போகும்போதே பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிடுகிறார்கள். பிரஷர் இருப்பதே தெரியாமல் வயல்வேலை பார்ப்பவரின் நிலைமை வேறு. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வந்து கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்க்கும் பெண், ஏ.சி. அறையில் விற்கப்படும் பல தொகுப்புகளைவிட அதிக மாரடைப்புகளைத் தடுக்கிறவர் என்பேன். முப்பது வயதுக்கு மேல் பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால், இடுப்பளவு, வாய்ப் பரிசோதனை, பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை. சிறிய பட்டியல்தான். ஆனால் இதில் எது வந்தாலும் செய்வதற்கு நிரூபணமான வழி இருக்கிறது.

தாளில் இல்லாத வரி

ரிப்போர்ட்டில் அச்சாகாத முக்கியமான தகவல் ஒன்று உண்டு. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்ததா?

நம் ஈரோட்டுக் குடும்பத்தை மறுபடி பாருங்கள். 43 வயதில் மாரடைப்பு வந்தது மனைவியின் தம்பிக்கு. பயந்துபோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர் கணவர். அவருக்கும் மைத்துனருக்கும் இரத்த உறவே இல்லை! பரிசோதனை மேசையில் முதலில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் மனைவி. அடுத்து பிள்ளைகள். நம் வீடுகளில் இது ஏன் இப்படித் தலைகீழாக நடக்கிறது என்பதற்கு அறிவியல் நூலில் விடை இல்லை.

மனைவிக்குச் செய்ய வேண்டிய பரிசோதனைகளில் ஒன்று பல தொகுப்புகளில் இடம்பெறுவதில்லை: லிப்போபுரோட்டீன்-ஏ. எல்.டி.எல். பொதியின்மேல் கூடுதலாக ஒரு புரதம் ஒட்டிக்கொண்ட வகை. இது எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது, உணவாலும் நடையாலும் அசையாது. அதனால் வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எல்லா இடர்களையும் இன்னும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும்.

இன்னொன்று, எல்.டி.எல். 190 அல்லது அதற்கு மேல் வந்தால் அது சாப்பாட்டு விவகாரமாக மட்டும் இருக்காது. ஏற்பிகளை உண்டாக்கும் மரபணுவிலேயே குறை இருக்கலாம். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. குதிகால் தசைநாண் தடித்திருப்பது, இமை ஓரத்தில் மஞ்சள் படிவு போன்ற அடையாளங்கள் சிலரிடம் தெரியும், பலரிடம் ஒன்றும் தெரியாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. பெற்றோர் இருவருக்கும் இருந்து, இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வந்தால் எல்.டி.எல். 500, 600 என்று ஏறி பள்ளிப் பருவத்திலேயே இதயத்தைத் தாக்கும். பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் ஏற்பியைத் தேடிப் புறப்பட்டதே அப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்துத்தான். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் இந்தச் சேர்க்கை கூடுதலாக நடக்கும். அதனால் ஒருவருக்கு 190 தாண்டினால் அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோருக்கும் லிப்பிட் பரிசோதனை செய்ய வேண்டும், பத்து வயதுப் பிள்ளையானாலும். வேறு குறி இல்லாவிட்டாலும், பதினெட்டு வயதில் எல்லோரும் முதல் லிப்பிட் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம் என்பது இந்திய இதயவியல் சங்கத்தின் பரிந்துரை.